கார்த்திகை வீடு

நேத்து நம்ம குரூப்புல ஒருத்தவுக ஒரு வீட்டுப் படத்தைப் போட்டு, "காரைக்குடியில் காத்திக் பாணி மாளிகை, காணக் கிடைக்காத பொக்கிஷம்"னு எழுதியிருந்தாக. அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பு, பூச்செண்டு, ஆஹா, ஓஹோ. பாதிப் பேருக்கு அது எங்க வீடுன்னே தெரியலை. தெரிஞ்சவுக "உங்க ஐயாவுக்கு என்ன ரசனை!"ன்னு எனக்குத் தனியா எழுதினாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போனைக் கவுத்து வச்சேன், எடுத்தேன், மறுபடி கவுத்து வச்சேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியலை.

அந்தக் காத்திக்குங்கிற ஒத்தை வார்த்தை எங்க ஆச்சி கல்யாணத்தை என்ன பண்ணுச்சுன்னு உங்க யாருக்கும் தெரியாது. எனக்கே ரெண்டு மாசம் முன்னாலதான் தெரிஞ்சுச்சு. அதைத்தான் எழுதப் போறேன். நீளமாத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவுக இப்பவே கைகூப்பைப் போட்டுட்டுப் போயிரலாம்.

பேரப்பிள்ளைகளும் படிக்கிறதால முதல்லயே சொல்லிடறேன். நம்ம வீடுகள்ல அக்காவை ஆச்சிம்போம், அம்மாவை ஆத்தாம்போம், அப்பாவை அப்பச்சிம்போம். ஐயாங்கிறது அப்பச்சியோட அப்பா. ஆத்தா கூடப் பொறந்த தாய்மாமன்தான் அம்மான். இதைத் தாண்டி இந்தக் கதையில உறவு கெடையாது, குழம்ப வேண்டாம்.

வீட்டைக் கட்டினது ஐயா. நான் பொறக்கும் முன்னாலேயே போய்ச் சேந்துட்டாக, அதனால எல்லாம் கேள்விப்பட்டதுதான். ரங்கூன்ல நம்மவுக எல்லாம் சேந்து தங்குற கிட்டங்கியில இருந்திருக்காக. சன்னலைத் திறந்தா எதித்தாப்புல ஒரு பெரிய செங்கல் கட்டடம், உச்சி ஊசியா, சன்னலெல்லாம் நீளமா, கூரா. அந்த ஊர் மழைதான் தெரியுமே, மாசக்கணக்குல வெளிய தலைகாட்ட விடாது. ஐயா அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்து, கட்டினா இப்படித்தான் கட்டணும்னு மனசுல போட்டுக்கிட்டாகளாம். அது என்ன கட்டடங்கிறதுல எங்க வீட்டுல சண்டை. அப்பச்சி கோர்ட்டுக் கச்சேரின்னு சொல்லுவாக. ஆத்தா ரயில் டேசன்னு சொல்லுவா. யாராவது "சர்ச்சா இருக்குமோ"ன்னு வாயெடுத்தா அப்பச்சி முறைக்கிற முறைப்புல அவுக காப்பியைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுருவாக.

ஐயா யாரையோ பிடிச்சு அதைப் படமா வரையச் சொல்லித் தபால்ல அனுப்பினாக. இங்க இருந்த தலைமைக் கொத்தனார் நம்ம ஊர்ப் பக்கம் வீடு பத்துப் பதினஞ்சு கட்டினவரு. படத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்திருக்காரு. நேர் விட்டம் இல்லாம, நடு உச்சியில முனையாச் சேர்ற வளைவை அவரு கட்டினதே இல்லை. கடைசியில ஒருத்தருக்கும் சொல்லாம சேதுச் சீமைப் பக்கம் ஒரு மாதா கோயில் வாசல்ல ரெண்டு நாள் போயி நின்னு, வளைவை அண்ணாந்து பார்த்து மனசுல ஏத்திக்கிட்டு வந்தாராம். இது வீட்டுக்குள்ள மட்டும் பேசுற பேச்சு. வெளிய விட மாட்டாக.

எப்படியோ கட்டிட்டாரு. முகப்புல ரெண்டு பக்கமும் ரெண்டு கூம்பு. நடுவுல கையைக் கூப்பினாப்புல ஒரு பெரிய சன்னல், அதுக்கு ரெண்டு பக்கமும் அதே மாதிரி சின்னச் சின்னதா. சன்னல் தலைப்புல சுண்ணாம்புச் சாந்துலயே பூ, கொடி, வட்டத்துக்குள்ள வட்டம். மழைத் தண்ணி விழுற இடத்துல வாயைத் திறந்த மிருகம் வைக்கணும்னு படத்துல இருந்திருக்கு. அது என்ன மிருகமுன்னு கொத்தனாருக்குப் புரியலை. பேசாம யாளியை வச்சுட்டாரு. ஐப்பசி மழையில ஆறு யாளியும் தெருவைப் பார்த்துத் தண்ணி கக்கும், பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் அதுக்குக் கீழ ஓடி நனைஞ்சு அடி வாங்குங்க.

உள்ள நுழைஞ்சா காத்திக்காவது ஒண்ணாவது! சுத்தமா நம்ம வீடு. நடுவுல வானம் பார்த்த வளவு, சுத்திலும் தேக்குத் தூண், ரெண்டு பக்கமும் வரிசையா அறை, அதுக்கு அங்குட்டு இன்னொரு கட்டு, அதுக்கும் அங்குட்டு அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. கீழ ஆத்தங்குடிக் கல்லு, செவுத்துல முட்டைச் சாந்து. சித்திரை வெயில்ல அந்தச் செவுத்துல கன்னத்தை வச்சா ஜிலுஜிலுன்னு இருக்கும். முன்னால ஒரு தேசம், பின்னால ஒரு தேசம்னு அம்மான் கேலி பண்ணுவாக.

வாசக்கதவு தலைப்பும் கூராப் போனதால, நம்ம வழக்கப்படி மேல கஜலட்சுமி வைக்க நேர்ப்பலகை இல்லை. ஐயாவுக்கு அது மனசுல உறுத்தியிருக்கு. தெய்வம் இல்லாத வாசலான்னு. அந்த நடுச் சன்னல்ல கலர்க் கண்ணாடியில யசோதையும் கண்ணனும் இருக்கட்டும்னு, ஒரு அச்சுப் படத்தைக் கப்பல்ல சீமைக்கு அனுப்பியிருக்காக. வருஷம் கழிச்சு வைக்கோல் திணிச்ச பெட்டியில கண்ணாடி வந்துச்சு. சீமைக்காரன் யசோதையைக் கண்டானா கண்ணனைக் கண்டானா? அவனுக்குத் தெரிஞ்ச அம்மாவையும் பிள்ளையையும் செஞ்சு அனுப்பிட்டான். நீல முக்காடு போட்ட வெள்ளைக்காரப் பொம்பளை. மடியில சுருட்டை முடிப் பிள்ளை, தலையைச் சுத்திப் பொன் வட்டம். மயில் பீலியைக் காணோம். கையில இருந்த வெண்ணெய் உருண்டை மஞ்சப் பந்தாயிருச்சு. ஐயா அதை ஒரு நாள் பூரா சுத்திச் சுத்தி வந்து பார்த்தாகளாம். அப்புறம் "யசோதைதான். பூட்டுங்க"ன்னுட்டாக.

எங்களுக்கு அவ யசோதைதான். ஊருக்கு மாதா. குதிரை வண்டிக்காரர்கிட்ட எங்க தெருப் பேரைச் சொன்னா முழிப்பாரு. "சர்ச்சு வீடு"ன்னா ஏறுங்கம்பாரு. சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு வெயில் அந்தக் கண்ணாடி வழியா உள்ள விழுந்து, தரை பூரா நீலமும் செவப்புமா நகரும். நான் நீலத்துல மட்டும் கால் வச்சு நொண்டியடிப்பேன். ஆச்சி அந்த வெளிச்சத்துல உக்காந்து பூத்தையல் போடுவா. கை ஒரு நேரம் நீலமா இருக்கும், ஒரு நேரம் செவப்பா இருக்கும்.

அந்தக் கோடைக்கு வாரேன். அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ. நான் ஆறாம் வகுப்பு முடிச்சிருந்தேன். ஆச்சிக்குப் பத்தொன்பது. எஸ்.எஸ்.எல்.சி. பாசு. நல்ல களை. ஆனா உயரம். எங்க வீட்டு ஆம்பளைகளுக்குச் சமமா நிப்பா. அந்த உயரத்துக்காகவே ரெண்டு இடம் தட்டிப் போயிருந்துச்சு. ஒரு வீட்டுல "பொண்ணு நெட்டை"ன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாக. அதுலேருந்து ஆத்தாவுக்கு ஒரே பாட்டு, "குனிஞ்சு நடடி, தோளைக் குறுக்குடி". ஆச்சி கண்ணாடி முன்னால நின்னு குறுகிப் பாக்குறதை நான் கதவிடுக்கு வழியாப் பார்த்திருக்கேன். எனக்கு அப்பச் சிரிப்பு வந்துச்சு. இப்ப நெனைச்சா ஆத்தா வாயை அடைக்கணும் போல இருக்கு.

மூணாவதா வந்தது கல்லல் இடம். மாப்பிள்ளைக்கு உத்திரம், ஆச்சிக்கு ரோகிணி. சோசியர் ஒம்பது பொருத்தம் இருக்குன்னாரு. வீட்டுக்கு வந்து பொண்ணு பார்த்து, வேண்டாம்னா தெருவே பேசும்ல, அதனால ரெண்டு வீட்டாரும் பிள்ளையார்பட்டியில தற்செயலாப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டோம். தற்செயல்னா தற்செயல், ரெண்டு பக்கமும் பட்டுச் சீலை! குளக்கரையில மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆச்சி எதுவரைக்கும் படிச்சிருக்காக?"ன்னாக. "எஸ்.எஸ்.எல்.சி. பாசு, கணக்குல எழுபத்தெட்டு"ன்னேன். சிரிச்சாக. அவ்வளவுதான் நடந்துச்சு.

அந்தச் சிரிப்பை வச்சு ஆச்சி என்னைப் படுத்தின பாடு இருக்கே! பஸ்ஸுல ஆரம்பிச்சா. "எப்படிச் சிரிச்சாக, காட்டு." காட்டுவேன். "பல்லு தெரிஞ்சுச்சா?" தெரிஞ்சுச்சு. "கேலியாவாடி?" இல்லை. "நான் நின்னுக்கிட்டிருந்தப்பவா, உக்காந்திருந்தப்பவா?" நின்னுக்கிட்டுத்தான். "நல்லா யோசிச்சுச் சொல்லு." வாரக்கணக்குல இதே வேலை. கிணத்தடியில, மாடியில, தலை பின்னுறப்ப, எங்க பார்த்தாலும் என்னைச் சிரிக்கச் சொல்லுவா. அவளுக்கு அவுகளைப் பிடிச்சுப்போச்சு. வாயைத் திறந்து சொல்லுற வழக்கமெல்லாம் அப்ப ஏது?

பதினஞ்சு நாள் கழிச்சு மாப்பிள்ளையோட ஆத்தா வீடு பார்க்க வந்தாக. ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. எந்த நேரம் வரக் கூடாதோ அந்த நேரம். வாசப்படி ஏறி உள்ள காலை வச்சதும் அப்படியே நின்னுட்டாக. தரையில, அவுக காலடியில, நீல முக்காடு போட்ட பொம்பளை படுத்திருக்கா. அவுக அண்ணாந்து சன்னலைப் பார்த்தாக. ரெண்டு கையாலயும் படக்குப் படக்குன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாக.

அப்பச்சி முகம் செத்துப்போச்சு. ஆத்தா காப்பி கொண்டாந்தா, அந்தம்மா "வேண்டாம்"னு கையைக் காட்டிட்டாக. ஆச்சி வந்து குறுகி நின்னா. அவளை ஏற இறங்கப் பார்த்துட்டு, தோளைத் தொட்டு என்னமோ சொன்னாக, எங்களுக்குக் கேக்கலை. கால் மணி நேரத்துல கெளம்பிட்டாக. வண்டி தெரு திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னோம். அப்புறம் அப்பச்சி, "அபச்சாரம் அபச்சாரம்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறாக. பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. நம்மளை வேதக்காரவுகன்னு, கிறிஸ்தவங்கன்னு நெனைச்சுட்டாக"ன்னு தூணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக.

அதுலேருந்து வீட்டுல ஒருத்தர் ஒரு இடத்துல இருக்கலை. அப்பச்சி முகப்புலேருந்து பின்வாசலுக்கு நடப்பாக, பின்வாசல்லேருந்து முகப்புக்கு நடப்பாக. ஆத்தா வச்ச குழம்புல உப்பு இருக்காது, இல்லைன்னா ரெண்டு தடவை இருக்கும். ஆச்சி ஒரே பூவைத் தைச்சுத் தைச்சுப் பிரிப்பா. வாசல்ல சைக்கிள் மணி கேட்டா மூணு பேரும் மூணு பக்கமிருந்து ஓடி வருவாக. எனக்கு எல்லார் மேலயும் கோவமா வரும், ஒருத்தரும் என்னைக் கவனிக்கலைன்னு. பதினோரு வயசுப் புத்தி.

அந்த நேரத்துலதான் வந்தாரு அந்த மகராசன். ஏதோ ஒரு காலேஜுல கட்டடக்கலை சொல்லிக் குடுக்கிற வாத்தியாராம். நாலு மாணவர்கள், ஏணி, டேப்பு. வீட்டை அளந்து படம் போடணும்னு கேட்டாரு. வேற நேரமா இருந்தா அப்பச்சி வாசலோட அனுப்பியிருப்பாக. அன்னிக்கு என்ன தோணுச்சோ, சரின்னுட்டாக. ரெண்டு நாள் அளந்தாக. வாத்தியார் வளைவைத் தடவித் தடவிப் பார்ப்பாரு, யாளியைப் பார்த்துச் சிரிப்பாரு. கெளம்புறப்ப அப்பச்சிகிட்ட, "அசல் காத்திக்குங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒண்ணு இல்லை"ன்னாரு.

"என்னதுன்னீக?"

"காத்திக். இந்தக் கூர் வளைவு, இந்தக் கூம்பு, இதெல்லாம் காத்திக் பாணி. ஐரோப்பாவுல பல நூறு வருஷத்துக்கு முன்னால, முக்கியமா..."

முக்கியமா சர்ச்சுக்குத்தான் கட்டினாகன்னு சொல்ல வந்தவரை அப்பச்சி விடலை. கையைப் பிடிச்சுக்கிட்டாக. அவுக காதுல விழுந்தது கார்த்திக்! உள்ள ஓடி வந்து, "கேட்டியா, நம்ம வீடு கார்த்திக் கட்டடமாம். படிச்ச மனுசன் சொல்றாரு"ன்னாக. ஆத்தா அடுப்படியிலேருந்து, "பின்னே? கார்த்திகைக்கு ஏத்துற விளக்குச் சுடர் மாதிரி கூராத்தானே இருக்கு? எனக்கு அப்பவே தெரியும்"னா. என்ன தெரியுமோ! விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள கார்த்திக்கு கார்த்திகையாயிருச்சு. முருகன் சம்பந்தப்பட்ட கட்டடம்னு முடிவே பண்ணிட்டாக. எங்க வீட்டுல அன்னிக்குத்தான் வடை சுட்டது.

மறுநாளே அம்மானைக் கூப்பிட்டுவிட்டாக. கல்லல் சம்பந்தத்தைக் கொண்டாந்ததே அவுகதான். எந்நேரமும் வாயில வெத்தலை, பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்துல மூணுதான் வெளிய வரும். அப்பச்சி அவுககிட்ட, "சுத்தி வளைக்காதீக. விசயத்தை மட்டும் பட்டுன்னு சொல்லிட்டு வந்துருங்க. நாம மறைக்கிற ஆளுக இல்லைன்னு அவுகளுக்குத் தெரியணும்"னு சொல்லி ரயில் ஏத்திவிட்டாக.

சாயங்காலம் அம்மான் வெற்றியோட திரும்பினாக. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்ததை நடிச்சே காட்டினாக. "நேரா அந்தம்மாகிட்டப் போயி, 'மறைக்கிற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. நீங்க சந்தேகப்பட்டதும் நியாயம்தான். அது கார்த்திகை. காலேஜு வாத்தியாரே வந்து ரெண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து அசல் கார்த்திகைன்னு சொல்லிட்டாரு'ன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசலை. எந்திரிச்சு உள்ள போயிட்டாக. முடிஞ்சுச்சு மச்சான், நம்பிட்டாக."

ஆச்சி தூணுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அவ கன்னம் செவந்ததை நான் பார்த்தேன். அன்னிக்கு என்னைச் சிரிச்சுக் காட்டச் சொல்லலை. தானாவே சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சா.

எட்டாம் நாள் கார்டு வந்துச்சு. "சாதகப் பொருத்தம் சரிவரவில்லை. தாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்." ரெண்டே வரி.

அப்பச்சி அதை நாலு தடவை படிச்சாக. "பொருத்தம் பார்த்துத்தானே பிள்ளையார்பட்டிக்கே வந்தாக? ஒம்பது பொருத்தம் எங்க போச்சு? சாக்குச் சொல்றாக. எல்லாம் இவளாலதான்"னு சன்னலைக் காட்டினாக. ஆசாரியைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னாக. ஆசாரி பார்த்துட்டு, "ஈயத்தை இளக்கித்தான் எடுக்கணும். மூணு நாள் குடுங்க, ஒரு கீறல் இல்லாம இறக்கித் தாரேன்"னாரு. மூணு நாளா? மூணு நிமிசம் கூட அப்பச்சியால நிக்க முடியலை. கொல்லையிலேருந்து கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வந்து, வேட்டியை மடிச்சுக் கட்டி, ஏணியில ஏறிட்டாக. எங்க அப்பச்சி அது வரைக்கும் ஒரு ஆணி அடிச்சது கெடையாது. முதல் இடி பிள்ளை முகத்துல விழுந்துச்சு. ஆத்தா "ஐயோ, யசோதை!"ன்னு கத்தினா. அவ கத்தக் கத்த இவுக இடிச்சாக. கடைசியில ஏணியிலேயே உக்காந்து அழுதாக. ஆம்பளை அழுது அப்பத்தான் முதல்ல பார்த்தேன், பயந்து போயி நெல்லுக் குதிருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் செங்கல் வச்சு அடைச்சாச்சு. கண்ணாடியைக் கூட்டி அள்ளினது ஆச்சி. முறத்துல நீலம், செவப்பு, மஞ்சள். நான் பக்கத்துல உக்காந்து, "வீட்டுனாலதானே ஆச்சி வேண்டாம்னாக?"ன்னு கேட்டேன். அவ என்னைப் பார்க்காமயே, "வீடுன்னு சும்மா சொல்றாகடி. சாதகம்னு அவுக சொல்றாக, வீடுன்னு அப்பச்சி சொல்றாக. நின்னுக்கிட்டிருந்தப்பதானே சிரிச்சாகன்னே? என் உயரத்தைப் பார்த்துத்தான் சிரிச்சிருக்காக"ன்னா. நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பேசாம இருந்துட்டேன்.

அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு ஆச்சியை ஒரு ரெண்டாந்தாரத்துக்குக் குடுத்தாக. அவளை விடப் பதினாலு வயசு மூப்பு. நல்ல மனுசன்தான், குறை சொன்னா நாக்கு அழுகிரும். அந்த மூத்த தாரத்துப் பிள்ளையையும் ஆச்சி தன் பிள்ளையாத்தான் வளர்த்தா. ஆனா அவ நடை மாறிப்போச்சு. இருபத்தோரு வயசுலேயே கிழவி மாதிரி குனிஞ்சு நடந்தா. எழுபதுகள் பாதியில அப்பச்சி போனாக. போற வரைக்கும் வெயில் விழாத அந்த முகப்புல அவுக உக்காரலை. பங்காளிகள் ஆளுக்கொரு ஊருக்குப் போயி, வீட்டைப் பூட்டியாச்சு. இப்ப நீங்க படம் எடுத்துப் போடுறீக.

ரெண்டு மாசம் முன்னால காரைக்குடியில ஒரு கல்யாணம். பந்தியில என் பக்கத்துல என் வயசு ஒரு அம்மா. எந்த ஊருன்னேன், பொறந்தது கல்லல்னாக. பேச்சு எங்கெங்கயோ போயி வீடுகளைப் பத்தி வந்துச்சு. "இங்க சர்ச்சு மாதிரி ஒரு வீடு இருக்குமே, தெரியுமா? எங்க அண்ணனுக்கு முதல்ல அங்கதான் பேசினோம்"னாக. எனக்கு அப்பளம் கையில நின்னுபோச்சு. நான் யாருன்னு சொல்லலை. "அப்புறம் என்னாச்சு? வீடு பிடிக்கலையா?"ன்னேன்.

"வீடா? எங்க ஆத்தா அந்தக் கண்ணாடியைப் பார்த்து உருகிட்டாக! அவுக வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டுத்தான் எங்க அண்ணனைப் பெத்தாக. அந்த வீட்டு வாசல்ல மாதா தெரிஞ்சதும் கன்னத்துல போட்டுக் கும்பிட்டுக்கிட்டாகளாம். வெள்ளிக்கிழமை விரதம், இல்லாட்டி அங்கயே சாப்பிட்டுட்டு வந்திருப்பாக. பொண்ணையும் பிடிச்சுருச்சு. 'நல்லா நிமிந்து நில்லுத்தா'ன்னு சொல்லிட்டு வந்ததா ஆத்தா சொல்லிக்கிட்டே இருப்பாக."

"பிறகு ஏன் நின்னுச்சு?"

"சாதகத்துல ஏமாத்திட்டாக, பாவிக. பொண்ணு ரோகிணின்னு எழுதிக் குடுத்துட்டு, மனசு கேக்காம அவுக மாமனையே அனுப்பி, 'அது கார்த்திகைதான், வாத்தியாரே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு'ன்னு ஒத்துக்கிட்டாக. கார்த்திகை கடைசியும் ரோகிணி ஆரம்பமும் பக்கத்துல பக்கத்துலதானே, பொறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதியிருக்காக. அண்ணனுக்கு உத்திரம். கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் ரஜ்ஜு தட்டும், வயித்து ரஜ்ஜு, பிள்ளை தங்காதும்பாக. ஆத்தா நடுங்கிப் போயிட்டாக. ஏன்க்கா, சாப்பிடலையா?"

எங்கிட்டுச் சாப்பிட? அந்த வாத்தியார் சொன்ன காத்திக்கு, அப்பச்சி காதுல கார்த்திக்கு, ஆத்தா வாயில கார்த்திகை, அம்மான் வெத்தலை வாயில ஆச்சியோட நட்சத்திரமே ஆயிருச்சு. இதுக்கா கண்ணாடியை உடைச்சாக? நான் யாருன்னு அப்பச் சொன்னேன். அந்தம்மா கையைக் கழுவிட்டு வந்து, அவுக அண்ணன் நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாக.

பந்தியிலேருந்து நேரா ஆச்சி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரவுக போனதுலேருந்து புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில தனியாத்தான் இருக்கா. எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. வாழைக்காய் அரிஞ்சுக்கிட்டிருந்தா. ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டேன். சந்தோசப்படுவா, உயரம் இல்லைன்னு தெரிஞ்சா ஆறிருவான்னு நெனைச்சேன். அவளுக்குக் கோவம்தான் வந்துச்சு. "இதை ஏன்டி இப்ப வந்து சொல்றே? இத்தனை வருசமா நான் ஒரு மாதிரி சரிக்கட்டி வச்சிருந்தேன். இப்ப இதை எங்க கொண்டு போயி வைக்க?"ன்னு அரிவாமணையைத் தள்ளிவிட்டா. வந்திருக்கவே கூடாதோன்னு செருப்பைத் தேடினேன்.

"இரு"ன்னா. அரிஞ்ச வாழைக்காயைத் தண்ணியில போட்டுட்டு, "அப்ப அவுக இன்னிக்கு வரைக்கும் நம்மளைப் பொய்ச் சாதகம் குடுத்தவுகன்னுதானே நெனைச்சுக்கிட்டிருக்காக? இருக்காகளா?"ன்னா.

"இருக்காக. சம்சாரம் போயி மூணு வருசம் ஆச்சாம்."

"போடு போனை. நான் பேச மாட்டேன், நீ பேசு. எனக்குக் கேக்குற மாதிரி வை."

போட்டேன். நடுங்குற கிழட்டுக் குரல் ஒண்ணு "யாரு?"ன்னுச்சு. நான் யாருன்னு சொல்லி, வாத்தியார் வந்தது, காத்திக்கு, கார்த்திகை, அம்மான் எல்லாத்தையும் சத்தமா, ரெண்டு ரெண்டு தடவை சொன்னேன். அங்க டீவி ஓடிக்கிட்டிருந்தது நின்னுச்சு. "எனக்குத் தெரியும்மா"ன்னாக. "அந்தப் பொண்ணு வீட்டுல பொய் சொல்லியிருக்க மாட்டாகன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் ஒரு நாளும் நம்பலை."

நான் ஆச்சியைப் பார்த்தேன். அவ முகம் இறுகிப்போச்சு. போனைப் பார்த்துப் பேசாம, என்னைப் பார்த்து, ஆனா அங்க கேக்குற சத்தத்துலயே சொன்னா:

"நம்பலைன்னா ஏன் வரலைன்னு கேளு."

நான் கேக்க வேண்டியிருக்கலை. அவுகளுக்குக் கேட்டுருச்சு. "ஆத்தா..."ன்னு ஆரம்பிச்சாக, அதுக்கு மேல வரலை. நாங்க ரெண்டு பேரும் காத்திருந்தோம்.

ஆச்சி கையை நீட்டி, என் கையிலேருந்து போனை வாங்கி, தானே அணைச்சா.

"பயந்தாங்கொள்ளி"ன்னா. சொல்லிட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதா.